ஆனைமலைக்குப் போன வரமிளகாய்

பாய்,

போன திங்கட்கிழமை ஆபீசில் பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது செல்போன் முனகியது. ஓர் இணைய இதழிலிருந்து மின்னஞ்சல். 'உங்கள் அல்புனைவுக் கட்டுரை எங்கள் நெஞ்சை உலுக்கிவிட்டது. அடுத்த இதழில் வெளியிடுகிறோம்' என்று போட்டிருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுவதற்கு இப்போது அப்படியொரு பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கட்டுரையை அனுப்பிவிட்டு கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அதற்குள் யார் நெஞ்சு குலுங்கியது? யார் படித்தார்கள்? படித்தார்களா?

சந்தேகம் எனக்கு அனுப்பும்போதே இருந்தது. அதனால் கட்டுரைக்குள் வேண்டுமென்றே ஒரு பொய்யை வைத்திருந்தேன். மேட்டுப்பாளையத்தில் எங்கள் அப்பாவின் கிழங்கு மண்டிக்குப் பின்னால் நொய்யல் ஓடுவதாக எழுதியிருந்தேன். அங்கே ஓடுவது பவானி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். ஒருவரும் கேட்கவில்லை. நீங்களாக இருந்தால் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, ஆற்றைப் பார்க்க மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறியிருப்பீர்கள்.

உங்கள் பத்திரிகை அப்படித்தான் வந்தது. கோவை உக்கடத்தில் தார்ப்பாய்க் கடை. கல்லாவுக்குப் பின்னால், கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல், அதுதான் ஆசிரியர் அலுவலகம். கதை கிடையாது, கவிதை கிடையாது. கவிதை கொண்டு வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "நல்லாருக்குங்க, வேற பக்கம் குடுங்க" என்று அனுப்பிவிடுவீர்கள். அனுபவக் கட்டுரை மட்டும்தான். அதுவும் எழுதியவர் சொல்லும் இடத்துக்கு நீங்களே போய், நாலு பேரிடம் விசாரித்து, திருப்தியான பிறகுதான் அச்சுக்குப் போகும். அதனால் இதழ் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியாது. 'தீர விசாரிப்பதே மெய்' என்று நான் ஒருமுறை பழமொழி சொன்னதற்கு, "தீர விசாரிக்கோணும்னா பஸ் ஏறோணும் அம்மணி. அதைச் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றீர்கள்.

நான் என்ன லேசுப்பட்டவளா? மோட்டார் பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் காலந்தள்ளுகிறவள். எடையை நம்ப மாட்டேன், பில்லை நம்ப மாட்டேன், சிரித்துப் பேசுகிற சப்ளையரை அறவே நம்ப மாட்டேன். அப்போது என் முதல் கட்டுரையை உங்களிடம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பதில் இல்லாதபோது என்னவெல்லாம் நினைத்தேன் தெரியுமா? இந்த மனுஷர் தனக்கு வேண்டியவர்களுக்குத்தான் இடம் கொடுப்பார் என்று நினைத்தேன். விஷயத்தை எடுத்து வேறு யாரிடமாவது கொடுத்து எழுதச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். படிக்காமலே கயிறு பொட்டலம் கட்டக் கிழித்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

அந்தக் கட்டுரை என் அப்பாவைப் பற்றியது. என் அக்கா, மண்டிக்கு லோடு ஏற்ற வந்துகொண்டிருந்த லாரி டிரைவரோடு போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். ஆனைமலையில் குடித்தனம். அப்பா, பங்காளிகள் எல்லோரும் கூடியிருக்க, "இனி அவ என்ர மக இல்ல. மாசாணியம்மன் கோயல்ல மொளகா அரைச்சுப் போடறேன், அம்மன் கேக்கட்டும்" என்று வாய்விட்டுவிட்டார். அநியாயம் செய்தவர்களைக் கேட்கச் சொல்லி ஆனைமலையில் இருக்கிற அந்தக் கோயில் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசினால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சொன்னபடியே வருஷம் தவறாமல் போனார். வாசலில் உட்கார்ந்து வரமிளகாயைக் காம்பு கிள்ளி, வெயிலில் காயவைத்து, பை நிறையக் கட்டிக்கொண்டு போவார். ஒரு பங்காளியும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாசாணியம்மனுக்குப் போகிறவரை யார் மறிப்பது?

பெற்ற மகளுக்கே மிளகாய் அரைத்த மனுஷன் என்று எழுதியிருந்தேன். சாகிறவரை அரைத்தார் என்று முடித்திருந்தேன். அவர் சாவுக்கு அக்கா வந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனாள். சொத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில்கூடப் போகவில்லை. அதையும் எழுதியிருந்தேன்.

ஒருநாள் கடைக்கு வந்து சத்தமாகவே கேட்டேன், போடுவீர்களா மாட்டீர்களா என்று. நீங்கள் ஒரு ஆளுக்குத் தார்ப்பாய் அளந்துகொண்டிருந்தீர்கள். அளந்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தீர்கள்.

"ஆனைமலைக்குப் போயிருந்தேனுங்க" என்றீர்கள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "யாரைக் கேட்டுப் போனீங்க? எங்க ஊட்டு விஷயத்துல உங்களுக்கு என்னங்க வேலை?"

"ஊட்டு விஷயத்தைப் பத்திரிகைக்குக் குடுத்தது நீங்கதானுங்களே. நடந்ததை மட்டுந்தான் போடுவேனுங்க. நடந்துச்சான்னு பார்க்க வேண்டாமுங்களா?"

"என்ர கண்ணு முன்னால மொளகாயை எடுத்துட்டுப் போனாருங்க பாய்! வருஷா வருஷம்!"

"எடுத்துட்டுப் போனதைப் பார்த்தீங்க. அரைச்சதைப் பார்த்தீங்களா?"

 நீங்கள் என் கட்டுரையை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தீர்கள். "எனக்கு இந்த இடத்துலதானுங்க இடிச்சுது. சாபம் உடறதுக்கு எதுக்குங்க காம்பு கிள்ளறாரு? வெயில்ல வேற காய வெக்கறாரு. கோயல்ல போய் விசாரிச்சேன். ஒரு கைப்பிடி போதும்ங்கறாங்க. பை நெறையா எதுக்குங்க? இது கொழம்புக்குப் போற மொளகாயில்லீங்களா?"

"அங்க என்ன சொன்னா எங்கக்கா?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நீங்களே ஒருக்கா போயிட்டு வாங்க. வந்து எழுதுங்க, போடறேன்."

கட்டுரையை உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "நீங்களும் உங்க பத்திரிகையும்!" என்று கத்திவிட்டு வந்தேன். கடைக்கு வந்த ஆள் தார்ப்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். நீங்கள் கோபப்படவில்லை. "பொள்ளாச்சி பஸ்ஸு எதுத்தாப்புலயேதானுங்க அம்மணி நிக்கும்" என்றீர்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றைக்குப் போகவில்லை. போனபோதும் உங்களை நம்பிப் போகவில்லை. அக்கா உங்களிடம் ஏதோ கதை அளந்திருக்கிறாள், அதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன். அக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை.

"வா கண்ணு. நீ வருவீன்னு அந்த பாய் சொல்லிட்டுப் போனாரு. வந்து சண்டை புடிப்பீன்னும் சொன்னாரு."

"அப்பா இங்க வந்தாரா?" என்று நின்றபடியே கேட்டேன்.

அவள் உள்ளே போய் ஓர் அடுக்குத் துணிப்பைகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். எல்லாம் துவைத்து மடித்தவை. எல்லாவற்றிலும் எங்கள் மண்டியின் பெயர். சிலதில் எழுத்து வெளுத்துப் போயிருந்தது, சிலதில் பளிச்சென்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன். தும்மல் வந்தது.

"அம்மனைக் கும்புட்டுப்போட்டு நேரா இங்கதான் வருவாரு. பையை எறக்கி வெச்சுட்டு, போன வருஷத்து மொளகா காரம் பத்துச்சான்னுதான் மொதல்ல கேப்பாரு. பங்காளிக முன்னால வாயை உட்டுப்போட்டேன், வேற வழி தெரியல சாமின்னு ஒருக்கா அழுதாரு."

பில்லும் சரக்கும் ஒத்துப்போனால் நான் வாயை மூடிக்கொள்வேன். அன்றைக்கு மூட முடியவில்லை. அக்காவின் மடியில் விழுந்து ஓவென்று அழுதேன். தெருமுனையில் நின்றவளைத் திரும்பிப் பார்க்காமல் போனேனே என்று அழுதேன். அந்தக் கட்டுரை அச்சாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும், பாய்? அப்பா மறுத்துப் பேச இருக்கமாட்டார். அக்கா வாங்கிப் படித்திருப்பாள். 'நடந்தது மட்டும்' என்று அட்டையில் போட்ட பத்திரிகையில் படித்திருப்பாள்.

புதிதாக எழுத ஆரம்பித்தேன். வரவில்லை. பொய்யை எழுதும்போது மளமளவென்று வந்த கை, இதற்குத் தள்ளாடியது. ஒரு பக்கம் எழுதுவேன், கிழிப்பேன். நான் முடிப்பதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். கடையில் இப்போதும் தார்ப்பாய் விற்கிறார்கள். ஸ்டூல் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பக்கெட் அடுக்கியிருக்கிறார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

எழுதி முடித்ததும் கொடுக்க ஆள் இல்லை. அதனால்தான் அந்த இணைய இதழுக்கு அனுப்பினேன். கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டவர்களுக்குத் திங்கட்கிழமையே பதில் எழுதினேன்: கட்டுரையில் ஓர் ஆற்றின் பெயர் தவறு, மற்றதையும் சரிபார்க்க வேண்டும், இப்போதைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று. சிவப்பு இதயம் ஒன்று போட்டு, 'காத்திருக்கிறோம்' என்றார்கள். எதற்குக் காத்திருக்கிறோம் என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா, சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை எடுத்துக்கொண்டு ஆனைமலைக்குப் போனேன். நீங்கள் இருந்தால் போயிருப்பீர்கள். நீங்கள் இல்லாததால் நான். அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வரிவரியாகப் படித்துக் காட்டினேன். "ஆமா", "ஆமா" என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள். 'அப்பா யாரும் பார்த்துவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்' என்ற வரிக்கு வந்ததும் கையை நிறுத்தினாள்.

"கதவைச் சாத்துனாருன்னு உனக்கு எவ சொன்னா?"

எவளும் சொல்லவில்லை. ஒளிந்து வருகிறவர் கதவைச் சாத்தாமலா இருப்பார் என்று நானே எழுதிக்கொண்டது.

"சாத்தவே உடமாட்டாரு. பங்காளிக ஆராச்சும் கோயலுக்கு வந்தா பார்த்துருவாங்கன்னு நாந்தான் அடிச்சுக்குவேன். கேக்க மாட்டாரு. வாசலைப் பார்த்துத்தான் உக்காந்து சாப்புடுவாரு. 'சின்னவ லேசுல எதையும் நம்ப மாட்டா. காம்பு கிள்ளையில என்னையவே பார்த்துட்டிருந்தா. என்னைக்காச்சும் பொறகாலயே பஸ்ஸேறி வந்துருவா. அவ வாரப்ப கதவு சாத்தியிருக்கக் கூடாது'ம்பாரு. கடைசி வருஷம் வந்தப்பவும் அப்படித்தான் சொன்னாரு."

கட்டுரையை மடித்துவிட்டேன். 

ஊரில் ஒருத்தர் மிச்சமில்லாமல் சந்தேகப்பட்டவள் நான். உங்களைச் சந்தேகப்பட்டேன், அக்காவைச் சந்தேகப்பட்டேன். அப்பாவின் கோபத்தை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினேன். இப்போது யாரைப் பற்றியாவது யாராவது கெட்டதாகச் சொன்னால், அரைத்ததைப் பார்த்தாயா என்று எனக்குள்ளேயே உங்கள் குரலில் கேட்டுக்கொள்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டு அக்கா சொன்னதை எழுதிவிட்டேன். அவர் எனக்காக வருஷா வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார், பாய். அவர் இருக்கிறவரை நான் போகவேயில்லை. அவருக்கு அப்புறம், எங்கள் பக்கத்திலிருந்து அந்த வாசலில் முதலில் போய் நின்றது நீங்கள்தான்.