அபிராமிக்கு விற்றது

நவம்பர் 3, திங்கள்
மழையும் பனியும் கலந்து. விடிய எழும்பி, ஆட்கள் வழுக்கி விழாமல் வாசற்படிக்கு உப்புப் போட்டேன், பழக்கத்தில். இனி அது அபிராமியின் வேலை.

நாங்கள் விற்றது கட்டடத்தை அல்ல. இந்த விடுமுறை வீடுகளை நடத்தும் உரிமையை. வாடகைக்கு விடுவது, துப்புரவு, திருத்த வேலை, கீழே உள்ள அலுவலகம். மகன் முதலாம் வகுப்பில் இருந்தபோது வாங்கினோம். இப்போது அவன் குடும்பமாக வின்டர்தூர் நகரில். இவருக்கு முதுகு சரியில்லை, பனி அள்ள ஏலாது. விற்றது சரிதான்.

அடுத்த கிழமை புதன் வீட்டு உரிமையாளர்களின் கூட்டம். அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் கைமாறும். அதுவரை நான் அவளுக்கு வேலை பழக்க வேண்டும்.

அபிராமி இங்கே சுவிஸிலேயே, சோலோதுர்னில் பிறந்தவள். ஹோட்டல் படிப்பு. வந்ததும் கேட்டாள்: "அன்ரி, வாடகைக்கு வாற ஒவ்வொரு ஆளுக்கும் நீங்களே போய்த் திறப்புக் குடுக்கிறனீங்களோ? வாசலிலை நம்பர் பூட்டுப் பெட்டி வச்சு அதுக்குள்ளை போட்டால் லேசெல்லோ?"
லேசுதான்.

நவம்பர் 5, புதன்
வெயில். மலை பளிச்சென்று.

மூன்றாம் மாடி வீட்டின் சொந்தக்காரி ஃப்ரவ் கெர்பர். என்னோடு எப்போதும் புத்தக ஜெர்மன், சொல் சொல்லாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல. இன்று அபிராமியோடு சுவிஸ் ஜெர்மன் பேச்சில் ஒரே சிரிப்பு. என்ன பகிடி என்று எனக்குப் பாதி விளங்கவில்லை. உள்ளே கூப்பிட்டுக் கேக் கொடுத்தாள். அபிராமிக்குத் தட்டில். எனக்குப் பேப்பர் நாப்கினில், நின்றபடி.

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக் கதிரையில் நான் உட்கார்ந்ததில்லை. துடைத்திருக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி
இவரும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டார். "கெட்டிக்காரப் பிள்ளை, ஒருக்காச் சொன்னால் காணும்." சோற்றுச் சட்டியைக் கொஞ்சம் பலமாக வைத்தேன். நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

பின்னேரம் உரிமையாளர் கூட்டத் தலைவர் போனில். அவளால் இதை நடத்த முடியுமா, மனதில் உள்ளதைச் சொல்லுங்கள் என்றார். முடியும் என்று எனக்குத் தெரியும். "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.
"அப்படியா" என்று போனை வைத்தார். விளங்கிக்கொண்டார். அவளில் ஏதோ குறை என்று. நான் விளங்க வைத்ததும் அதைத்தான்.

நவம்பர் 8, சனி
பால், உருளைக்கிழங்கு, குப்பைப் பை.

அபிராமி முகம் செத்துப்போய் வந்தாள். தலைவர் அவளைக் கூப்பிட்டு, இந்த முறை முடிவெடுக்காமல் விடலாம் என்றாராம்.
"அன்ரி, நீங்கள் ஏதும் சொன்னனீங்களோ?"
"நான் ஒண்டும் சொல்லேல்லை."
"இதை நம்பி நாங்கள் குடும்பமாய்ச் சோலோதுர்ன் வீட்டையும் விட்டிட்டம். இனி எங்கை போறது?"
அழவில்லை. கதிரையில் இருந்தபடி, காலில் போட்ட சப்பாத்தையே பார்த்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவள் போன பிறகு இவர் கேட்டார்: "உனக்கு இது திரும்ப வேணுமோ? இல்லாட்டி அவளுக்குக் கிடைக்கக் கூடாதோ?"
அடுப்பைத் தேய்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

நவம்பர் 12, புதன்
பனி, முழங்கால் அளவு. கூட்டம்.

தலைவர் எல்லோர் முன்னாலும் அவளைப் பற்றி என்னைக் கேட்டார். எழும்பினேன். என் ஜெர்மன், பிழைகளோடு: "போனில் நான் பதில் சொல்லாமல் விட்டது அவளில் குறை இருந்ததால் அல்ல. எனக்குப் பொறாமை. அவள் நன்றாக நடத்துவாள்."

தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். ஃப்ரவ் கெர்பர்தான் முதலில் கை உயர்த்தினாள். பிறகு எல்லோரும்.

அபிராமி வெளியே வந்து கையைப் பிடித்தாள். "எனக்குத் தெரியும் அன்ரி. உங்கடை இடத்திலை எண்டால் நானும் எரிஞ்சிருப்பன்."
அவளுக்குப் பெரிய மனது. அதுவும் எனக்கு எரிந்தது.

நவம்பர் 15, சனி
தெளிந்த வானம், நல்ல குளிர். இனி வின்டர்தூரில் மகனோடு. பெட்டிகள் ஏற்றியாயிற்று. இவர் ரயிலுக்குள் இடம் பிடித்துவிட்டார்.

அபிராமி ஸ்டேசன்வரை வந்தாள். "மாசியிலை ஒரு கிழமை வந்து நில்லுங்கோ அன்ரி. நாலாம் மாடி, மலைப்பக்கம். நான் எல்லாம் ஆயத்தமாய் வைக்கிறன்."

அந்த அறைக் கட்டிலுக்கு எத்தனை தரம் வெள்ளைத் துணி விரித்திருப்பேன். ஒரு நாளும் படுத்ததில்லை. இனி அவள் விரிக்க, நான் விருந்தாளி.

"ஓம், வாறன்" என்றேன். போவேனா தெரியாது. ரயில் வெளிக்கிட்டதும் அவள் திரும்பி, கட்டடம் இருக்கும் பக்கமாக நடந்தாள். வேகமாக, வேலை கிடக்கிற ஆள் மாதிரி.