அழிப்பதற்கு எதுவும் இல்லை

அன்புக் குட்டிம்மா,

நானும் அப்பாவும் சுகம், அங்கே உன் இருமல் நின்று நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன். நேற்றுக் குழம்பில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டேன், அப்பா முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இந்தச் சந்தோஷம் இன்னும் எத்தனை நாளைக்கும்மா?" என்று மட்டும் கேட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் வானாய்வு நிலையத்தில் தொலைநோக்கி எடுக்கும் படமெல்லாம் கடைசியில் என் டேப் அறைக்குத்தான் வரும், கையகலப் பெட்டிகளில் ஏறி அலமாரியில் உட்காரும், உனக்குத் தெரிந்ததுதான். அறையில் இனி ஓர் அங்குலம் இடமில்லை என்பதால் வருஷாவருஷம் எதை அழிப்பது என்று பட்டியல் வரும், அதில் கையெழுத்துப் போட்டு அழிப்பது நான். பத்தொன்பது வருஷமாக இதைச் செய்துதானே ரப்பர் அக்கா என்று பெயர் வாங்கினேன், வராந்தாவில் என் தலை தெரிந்தாலே ஆராய்ச்சிக்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். இந்த வருஷம் பட்டியலில் முதலில் இருந்தது, நட்சத்திர மினுக்கலைப் பார்ப்பதால் நாங்கள் மினுக்கியம்மா என்று கூப்பிடும் ஆராய்ச்சிக்காரரின் அலமாரி. ஒரே ஒரு மங்கல் நட்சத்திரத்தைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர், அதுவும் இதுவரை ஒரு சிமிட்டல்கூட மாறவில்லை, பயனில்லை என்று பட்டியல் போடும் குழு எழுதிவிட்டது. அவர் என்னிடம் வந்து அழவில்லை, சண்டை போடவில்லை. "அக்கா, அழிக்கும்போது நானும் பக்கத்துல இருக்கலாமா?" என்று கேட்டார். அன்றைக்கு மதியச் சோற்றை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன் கண்ணு.

அந்த வாரம்தான் புதிய டேப் வந்தது. பெட்டி அதே கையகலம்தான், ஆனால் உள்ளே சுற்றியிருக்கும் நாடா ஒரு கிலோமீட்டருக்கும் மேல், தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசு, அதில் எழுதும் வரிகளையும் அவ்வளவு நெருக்கமாகப் போடுகிறார்களாம். பழைய டேப் அறுபதில் இருப்பது இது ஒன்றிலேயே அடங்கும் என்றார்கள். நான் முதலில் நம்பவில்லை, ஆனாலும் பார்த்துவிடலாம் என்று துணிந்து இயக்குநரிடம் போய், மினுக்கியம்மாவின் அறுபதையும் இதில் ஏற்றிக் காட்டுகிறேன், அப்புறம் எதையும் அழிக்கச் சொல்லக்கூடாது என்றேன். அவர் பத்து நாள் கொடுத்தார், ஒரு எழுத்து பிசகினாலும் பட்டியல் பட்டியல்தான் என்றும் சொல்லிவிட்டார். நாற்பத்தோராவது டேப்பைப் பழைய மெஷின் வாயில் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது பார், மெக்கானிக் அண்ணன் ஒரு பகல் முழுக்கத் தரையில் படுத்து, கொஞ்சி, திட்டி, கீறல் விழாமல் வெளியே எடுத்தார். வெள்ளிக்கிழமை மதியம் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு முடித்தது, பிழை பூஜ்யம் என்று திரையில் வந்தது, நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் தீப்பிடித்துவிட்டதென்று படியிறங்கி ஓடினார்கள்! மினுக்கியம்மா என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினார், எனக்கு ஐம்பத்தெட்டு வயது என்பதே மறந்துபோயிற்று. இயக்குநர் வந்து அந்த டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, பதினோரு வருஷ வானமா இது என்று சொல்லிக்கொண்டே சட்டைப்பையில் போடப் போனார், சார் கீழே வையுங்கள் என்று அதட்டிவிட்டேன், பயந்து வைத்துவிட்டார்.

மற்ற அலமாரிகளையும் இப்படியே ஏற்ற உத்தரவு வந்துவிட்டது, இரண்டு வருஷ வேலை. அந்த நட்சத்திரம் என்றைக்காவது ஏதாவது செய்யுமா என்று மினுக்கியம்மாவைக் கேட்டேன், "செய்யாமலே போகலாம் அக்கா, அதுவும் தெரியணுமில்ல?" என்றார். நாளைக்குப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அழிக்க வேண்டியவை என்ற கட்டத்தில் "எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், பேனாவை வைத்துவிட்டு மறுபடி எடுத்து அதன் கீழே இரண்டு கோடும் போட்டேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, மனம்போல நிறைவாக வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் அப்பாவிடம் பேசிவிடு, நான் வாங்கினால் விடமாட்டேன்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா