மூட்டை வேண்டாம், ஆளே வரட்டும்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் அத்தையும் நலம். வழக்கத்துக்காக எழுதுகிற வரிதான் இது. ஆனால் இந்த முறை அத்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நீங்களும் கப்பலில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

தீப்பிடித்ததைப் பற்றிப் போனில் சொன்னபோது லைன் விட்டுவிட்டு வந்தது. நான் சொன்னதில் பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கும். அதற்குள், "போதும்மா, அம்மாவை உடனே அந்த முதியோர் இல்லத்துல சேர்த்துடு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். படிவமும் வந்துவிட்டது. உங்கள் கையெழுத்து இருக்கிறது, எனக்கான இடம் காலியாக இருக்கிறது. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. "என்னால முடியல, இடுப்பு விட்டுப்போகுது, எங்கேயாவது இடம் பாருங்க" என்று ஆறு மாதமாக உங்களை நச்சரித்தவளே நான்தான். அதனால்தான் நடந்தது முழுவதையும் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் நடுவில் "சரி, சரி" என்று சொல்ல முடியாதல்லவா!

இரண்டாம் மாடி விசில் அக்காவை மறந்திருக்க மாட்டீர்கள். தீயணைப்பு நிலையத்தில் போன் எடுக்கிற வேலை. நம் கட்டடத்துக்குச் செயலாளர் ஆன நாளிலிருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விசிலை ஊதி எல்லாரையும் கீழே இறக்கிவிடுவார். பாதிச் சவரத்தோடு ஒருவர், வாயில் பிரஷ்ஷோடு ஒருவர் என்று முற்றத்தில் நிற்போம். ஆபீசில் ஊத முடியாததை இங்கே வந்து ஊதுகிறார் என்று சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அத்தையை இறக்கிப் பழக வேண்டும் என்று அக்கா சொன்னபோதுதான் சண்டை வந்தது. எதிர்வீட்டு டெய்லர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "நடக்க முடியாதவங்களை எதுக்குச் சிரமப்படுத்தணும்? அதே கனத்துக்கு ஒரு அரிசி மூட்டையை வெச்சுப் பழகுவோமே." அக்கா அசையவில்லை. "மூட்டை பயப்படாது, கத்தாது, கையை நீட்டிக் கம்பியைப் பிடிக்காது. மூட்டை வேண்டாம், ஆளே வரட்டும்" என்றார். அத்தைக்கு வந்ததே கோபம்! "நான் என்ன பீரோவா, நாலு பேர் சேர்ந்து இறக்கறதுக்கு?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அம்மாவை அவமானப்படுத்துகிறார் என்று நீங்களும் அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினீர்கள். "நாலாவது மாடியில இருந்து உங்கம்மாவை எப்படி இறக்குவீங்க, அதை மட்டும் சொல்லுங்க சார்" என்று கேட்டாராம்.

முதல் தடவை அக்கா சொன்னதுதான் நடந்தது. கம்பளியின் நான்கு மூலையையும் முடிச்சுப் போட்டு நான், டெய்லர், அவர் மனைவி, மூன்றாம் மாடி எலக்ட்ரீஷியன் நால்வரும் தூக்கினோம். முதல் திருப்பத்திலேயே அத்தை பயந்து கைப்பிடிக் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டார். நால்வரும் குப்புற விழாதது எங்கள் அதிர்ஷ்டம். அக்கா திட்டவில்லை. "கையை மார்மேல கட்டிக்குங்கம்மா, பிடிக்கிறது அவங்க வேலை" என்றார். அப்படியானால் தனக்கு என்ன வேலை என்று அத்தை கேட்டார். சும்மா வந்தால் போதும் என்றார் அக்கா. உங்கள் அம்மாவுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? முப்பது வருடம் அச்சகத்தில் தாள் எண்ணி அடுக்கியவர். அடுத்தடுத்த தடவைகளில் இறக்கும்போதெல்லாம் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடியே வருவார். எங்களைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனை பிடிவாதம் எதற்கு என்று ஒருநாள் அக்காவிடமே கேட்டேன். "தீப்பிடிச்சதும் போன் பண்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது ஒண்ணுதான், இப்ப நான் என்ன செய்யணும்னு. அங்க வீடு எரிஞ்சுக்கிட்டிருக்கும், இங்க நான் ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டிருப்பேன். அதையே முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டிருந்தா என்னன்னு தோணும்" என்றார். அப்போதும் எனக்கு முழுதாகப் புரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி. கீழே மீட்டர் அறையில் பட்டென்று ஒரு சத்தம். கரண்ட் போனது, லிஃப்ட் நின்றது, முன்பக்கப் படிக்கட்டு முழுக்கக் கறுப்புப் புகை. அக்கா அப்போது வேலையில் இருந்தார். எலக்ட்ரீஷியனும் வீட்டில் இல்லை. ஆனால் யாரும் முழித்துக்கொண்டு நிற்கவில்லை. ஒவ்வொரு மூலைக்கும் இன்னொரு ஆளை அக்கா முன்பே சொல்லி வைத்திருந்தார். எலக்ட்ரீஷியன் மனைவி தானாகவே ஏறி வந்து நான்காவது மூலையைப் பிடித்தார். வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு வழக்கமாகப் பழகுகிற பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினோம்.

அங்கே ஜன்னல் கிடையாது, மாடிக்கு இரண்டு திருப்பம் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் மாடிக்கு வருவதற்குள் அங்கும் புகை சூழ்ந்துவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து நடந்த எங்கள் நால்வருக்கும் இருமல், பேச்சு வரவில்லை. முன்னால் போன டெய்லர் நின்றுவிட்டார், படி தெரியவில்லை என்று இருமிக்கொண்டே சொன்னார். அப்போது கம்பளிக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. புகை மேலே நிற்க, கீழே கிடந்த அவருக்குத்தான் மூச்சு இருந்தது. "ஏழு, எட்டு, ஒம்பது. டெய்லர் தம்பி, இன்னொரு படி இருக்கு. மத்ததெல்லாம் ஒம்பது, இது மட்டும் பத்து. ம், இப்பத் திரும்பு" என்றார். பழகும்போது டெய்லர் இரண்டு முறை தடுக்கிய அதே படி! அங்கிருந்து தரை வரைக்கும் உங்கள் அம்மா எண்ண எண்ண நாங்கள் கால் வைத்தோம். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. என்ன பொம்பளைங்க அவர்! இரண்டு வருடம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்தேன். அவர் யார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கட்டடத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சுவரெல்லாம் கரி பிடித்ததோடு போயிற்று. வேலையை அப்படியே விட்டு ஓடிவந்த அக்கா, முற்றத்தில் அத்தையைப் பார்த்ததும் எத்தனை நிமிடம் ஆனது என்றுதான் கேட்டார். "அதை நீதான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லணும். படி வேணும்னா கேளு, எழுபத்து மூணு" என்றார் அத்தை. அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

நேற்று அந்த முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தேன். தீயணைக்கும் சிலிண்டர் எட்டு, லிஃப்ட் இரண்டு, ஜெனரேட்டர் ஒன்று என்று பெருமையாகச் சொன்னார்கள். எல்லாம் நின்றுபோனால் படுத்திருக்கிறவர்களை யார் தூக்குவார்கள், ஒருமுறையாவது தூக்கிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் அப்பப் பாத்துக்கலாம் மேடம்" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. போன வருடம் நாமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இனி எழுதப்போவது போனில் சொல்ல முடியாதது. பழகியபடி, புகையைக் கண்டதும் டெய்லர் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் என் முதல் வேலை. நான் தட்டவில்லை. என் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்படியில் ஓடினேன். ஒரு மாடி இறங்கிய பிறகுதான் அத்தை நினைவு வந்தது. திரும்பி ஏறி வந்தேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. அத்தை படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துட்டியா? போய் டெய்லரைக் கூப்பிடு" என்றார், அவ்வளவுதான். கீழே வந்தபின் டெய்லர் மனைவி, கதவைத் தட்ட ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்: "நான்தான் அனுப்பினேன், பின்படி நல்லா இருக்கான்னு பார்த்துட்டு வரச்சொல்லி."

அவர் அனுப்பவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஒரு பார்வைகூட இல்லை.

படிவத்தில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. இடுப்பு வலி இருக்கத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். காலையில் குளிப்பாட்டும் நேரத்துக்கு மட்டும் உதவிக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்கிறேன், அதற்குச் சரியென்று எழுதுங்கள். என்மேல் கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படுங்கள். தயவுசெய்து அத்தையிடம் மட்டும் இதைக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், உங்களிடமும் அதே பொய்யைத்தான் சொல்வார்.

நீங்கள் பத்திரமாகக் கரை சேர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
உங்கள் வீட்டுக்காரி