கேட்டைப் பார்த்து நின்ற சைக்கிள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உடம்பும் மனசுமாக நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலத்துக்கும் ஒரு படி மேலே, அந்த ஒரு படியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினம் போனில் பேசுகிறவள் திடீரென்று எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று பதறாதே, பதறுகிற மாதிரி ஒன்றும் இல்லை. நம் வீட்டில் போன் மணி அடித்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடு என்பார், மெசேஜ் என்றால் நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவரே படித்துச் சொல்லிவிடுவார். ஒட்டின கவரை மட்டும் பிரிக்க மாட்டார், பஸ் ஓட்டின காலத்தில் யார் எந்தப் பார்சலைக் கொடுத்தனுப்பினாலும் உள்ளே என்ன என்று கேட்காத மனுஷன் அல்லவா. அதனால்தான் பல் கட்டுகிற எங்கள் லேப்பில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பிளாஸ்டர் அச்சு காய்கிற நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே பத்துப் பன்னிரண்டு பல்செட் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கின்றன, கையெழுத்து கோணலாக இருந்தால் அவற்றைக் கேள்.

முதலில் சைக்கிள் கணக்கு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ அனுப்பிய சைக்கிள் மீட்டரைப் பார்த்து நான் வாரத் தூரத்தைச் சொன்னதும் நீ கூச்சல் போட்டாயே, அம்மா நீ என்னையே தாண்டிப் போயிட்டே, இனிமே நான் ஆபீஸுக்குச் சுத்து வழியில போனாத்தான் உன்னைப் பிடிக்க முடியும் என்று, மாப்பிள்ளையும் போனை வாங்கி வாழ்த்துச் சொன்னாரே, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் பாப்பா, அந்தப் பாராட்டில் ஒரு பங்கு எனக்குச் சேராது. நீயே யோசித்துப் பார், வீட்டிலிருந்து லேப்புக்கு எனக்கு ஒரே வழி, மரக்கடை, வாய்க்கால் பாலம், ஒரு மேடு, அப்புறம் லேப். திரும்பி வரவும் அதே மேடு, அதே பாலம், அதே மரக்கடை. எப்படிக் கூட்டினாலும் வாரத்துக்கு ஐம்பது கிலோமீட்டரை நெருங்கும், தாண்டாது. அது எப்படி ஐம்பத்தைந்தாச்சு, அறுபதாச்சு? எனக்கும் அந்தச் சந்தேகம் வராமல் இல்லை, ஆனால் நீ புகழப் புகழ, காய்கறிக் கடைக்கு ஒரு தடவை கூடுதலாகப் போயிருப்பேன் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, கிடைத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் மனசு கேட்காமல் சைக்கிள் மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்போக்ஸ் கம்பியில் மாட்டியிருந்த காந்தத்தைக் கழற்றிக் கொஞ்சம் தள்ளி மாட்டினார், பாட்டரியை மாற்றினார், சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். மீட்டர் சரியாத்தாம்மா இருக்கு, நீங்கதான் எங்கேயோ போயிட்டு மறந்துடுறீங்க என்று சொல்லிவிட்டார். நான் என்ன, போன இடம் தெரியாமல் சுற்றுகிறவளா? கோபமாக வந்தது. இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. சில நாட்களாகச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் எட்டுவதில்லை, நுனி விரல்தான் படுகிறது. வயசாக ஆகப் பெண்கள் குட்டையாகிவிடுவார்கள் என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. எங்கள் பல் டாக்டரிடம் போய், எனக்கு எலும்பு தேயுது போலிருக்கு டாக்டர், கால் குட்டையாயிட்டே வருது என்றேன். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்துவிட்டு, எலும்பு நல்லாத்தான் இருக்கு, சீட்டை யாராச்சும் ஏத்தியிருப்பாங்க என்று சிரித்தார். போன இடம் மறக்கிறேன் என்கிறார் ஒருவர், சீட்டைப் பார் என்கிறார் ஒருவர், எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அப்பாவின் நிலைமை உனக்குத் தெரியும், ஆனால் தூரத்தில் இருக்கிறவளுக்குப் போனில் தெரிகிறது பாதிதான், அதனால் சொல்கிறேன். மெயின் ரோட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது தலை சுற்றிய அன்று அவர் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, கை பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் சாய்ந்தார். ஒருத்தருக்கு ஒரு கீறல் இல்லை. காதுக்குள் இருக்கிற கோளாறு, மருந்தில் சரியாகிவிட்டது, இனி தாராளமாக நடமாடலாம் என்று டாக்டர் சொல்லிப் பல மாதம் ஆகிறது. உடம்புக்குச் சரியானது மனசுக்குச் சரியாகவில்லை. கேட்டுக்கு வெளியே கால் வைக்கச் சொன்னால், ரோட்டுல நிக்கும்போது வந்துட்டா என்ன பண்றது என்பார். முடி வெட்டிக்கொள்ளக்கூடக் கடைக்காரரை வீட்டுக்கு வரவழைத்தோம். அவரோடு ஓடின கண்டக்டர், பாவம், வாரம் தவறாமல் பார்க்க வருகிறார், டிப்போவில் புது டிரைவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம், பெரியவருக்காக இடம் வைத்திருக்கிறார்களாம். அவர் குரல் கேட்டதும் அப்பா பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். அவர் காபி குடித்துவிட்டுப் போகும்வரை தண்ணீர் ஓடும். நான் உன்னிடம் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன், சிரிப்பு ஒன்றும் இல்லை பாப்பா. ஊரையே சுற்றி வந்த மனுஷன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. அடுத்த லீவில் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன் என்று நீ சொன்னாய். கொஞ்சம் பொறு என்கிறேன். காரணம் கேள்.

நம் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில்தான் சைக்கிளை நிறுத்துகிறேன், உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு ஆள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு போகிற அகலம். சாயங்காலம் வந்த அலுப்பில் அப்படியே மூக்கு உள்ளே இருக்கிற மாதிரித் தள்ளிவிடுவேன், காலையில் முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கமாக இழுத்து வெளியே எடுப்பேன். ஒரு திங்கட்கிழமை காலை அவசரமாக வந்து பார்த்தால் சைக்கிள் கேட்டைப் பார்த்து நிற்கிறது. ஏறினோமா போனோமா என்று நிற்கிறது. வாய்க்கால் பாலம் வரைக்கும் நான் ஒன்றும் யோசிக்கவில்லை, பாலத்தில் ஏறும்போது சுருக்கென்றது. உலகத்தில் இந்தச் சந்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்த மெனக்கெடுகிற ஆள் ஒருத்தர்தானே இருக்கிறார். கிளம்பும்போது ரிவர்ஸ் எடுக்கிறவன் டிரைவரே இல்லைன்னு கல்யாண வீட்டில் மற்றவர்களின் காரைப் பார்த்துச் சண்டை போட்டவர். செருப்பைக்கூட வாசலைப் பார்த்துத்தானே விடுவார். திருட்டுத்தனமாக ஒரு காரியம் செய்கிறோம், எடுத்த மாதிரியே வைப்போம் என்று அவருக்குத் தோன்றியிருக்காதா, தோன்றியிருக்கும், சீட்டைக்கூட இறக்கத்தான் பார்த்திருக்கிறார், என் அளவுக்கு வரவில்லை, ஆனால் கை கேட்கவில்லை, வண்டியைச் சுவரைப் பார்த்து விட்டுவிட்டு வர அந்தக் கைக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் நம்ப மனசு வரவில்லை. சைக்கிள்காரர்களைத் திட்டியே காலம் தள்ளியவர் பாப்பா, சைக்கிளில் போறவனெல்லாம் ஆஸ்பத்திரிக்கு டிக்கெட் எடுத்தவன் என்று நான் சைக்கிள் வாங்கின அன்றுகூடச் சொன்னார். அடுத்த ஞாயிறு சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது, மொட்டை மாடியில் துணி காய்கிறது என்று எழுந்து ஓடினேன். அப்பாவின் நாற்காலி காலி. மாடியில் நின்று எட்டிப் பார்த்தால், பின்னால் கிடங்குச் சுவரை ஒட்டிப் போகிற அந்த ஆளில்லாத தெருவில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஷூ போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டி, முதுகு நிமிர்த்தி, பஸ்ஸுக்குள் ஐம்பது பேர் நிற்கிற மாதிரி அவ்வளவு பதனமாக. தெரு முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார், வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், ஒரு பூனைகூட இல்லாத தெருவில் கையை நீட்டிச் சிக்னல் காட்டிவிட்டுத் திரும்பினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், சிரிக்கும்போதே அழுதுவிட்டேன். மழை வந்துவிட்டது. துணியெல்லாம் நனைந்தது, நனையட்டும் என்று கீழே ஓடிவந்து கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர், மழை வந்துதே, துணி எடுக்கலையா என்று என்னையே கேட்கிறார். தூங்கிட்டேன் என்றேன். பின்வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததில் சாரல் அடித்துவிட்டதாம் அவருக்கு.

உன் மீட்டர் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று அவருக்கு இன்னும் தெரியாது. அதில் எப்போதும் நேரம்தான் தெரியும், பொத்தானை அழுத்தினால்தானே தூரம். நீ அனுப்பிய அன்றே, கையில் ஒண்ணு இருக்கும்போது சைக்கிளுக்கு எதுக்கு ஒரு கடிகாரம் என்று கேட்டார், விளக்கப் போனால் ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பார் என்று நானும் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் உனக்குத் தூரம் சொல்லும்போதும், போனில் ஏதோ தூரம் காட்டுகிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். பஸ் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தினம் எழுதிக் கையெழுத்துப் போட்டவர், தான் ஓடுவதை ஒரு கடிகாரம் எண்ணிக்கொண்டிருப்பது தெரியாமல் மிதிக்கிறார். நான் குளிக்கப் போகிற நேரம், மாவு அரைக்கிற நேரம், ஞாயிறு தூக்கம், எல்லாம் அவருக்கு டூட்டி நேரம். அதனால் இப்போதெல்லாம் ரொம்ப நேரம் குளிக்கிறேன். டயரில் எப்போதும் காற்று இருக்கிறது, பெல்லுக்கு எண்ணெய் விட்டிருக்கிறது, பிரேக் கட்டை புதுசு. விஷயம் தெரிவதற்கு முன்னால், மெக்கானிக்குத்தான் என் மேல் அக்கறை என்று அவருக்கு நன்றி சொன்னேன், அந்த மனுஷன் முழித்தார்.

நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. கேட்டுவிட்டோமோ, சும்மா துடைச்சு வைக்க எடுத்தேன் என்பார், அதோடு நின்றுவிடும். முந்தாநாள் பின் தெருவைத் தாண்டி மெயின் ரோடு முனை வரைக்கும் போயிருக்கிறார், மாடி வீட்டு டீச்சர் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார். ஒரு காலை ஊன்றிக்கொண்டு பஸ்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாராம், ஒரு பஸ் டிரைவர் இவரைப் பார்த்து ஹாரன் அடித்துக் கை காட்டினாராம், உடனே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாராம். அந்த முனைதான் பாப்பா. அதைத் தாண்டினால் அவர் அன்றைக்கு வண்டியை ஓரம் கட்டிய இடம், அதற்கும் அப்பால் போஸ்ட் ஆபீஸ். அந்த இடத்தைத் தாண்டிவிட்டார் என்றால் டிப்போவுக்கும் போய்விடுவார், எனக்குத் தெரியும். தள்ளிவிடவும் எனக்குப் பயம், சும்மா இருக்கவும் முடியவில்லை.

அதனால் நாளைக்கு ஒன்று செய்யப் போகிறேன். சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு லேப்புக்கு நடந்தே போகிறேன், கேட்டால் மிதித்தால் முழங்கால் வலிக்கிறது என்பேன். சீட்டை அவர் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிடுவேன். இந்தக் கவரை ஒட்டி, ஸ்டாம்பு போட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்து, பொண்ணுக்கு அவசரமாப் போகணும், போஸ்ட் ஆபீஸ்ல போட எனக்கு நேரமே இல்லை என்று காற்றோடு சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். அவர் போடாவிட்டால் கோபிக்க மாட்டேன், நானும் போட மாட்டேன், டீச்சரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். அது அங்கேயே மேசையில் கிடக்கட்டும்.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது, அப்பாவே சரிசெய்தார். லேப்பில் வாயைப் படம் பிடிக்கிற புது மெஷின் வந்திருக்கிறது, முதலாளி அதன் பக்கத்தில் யாரையும் விடுவதில்லை. நீ சாயங்காலம் இருட்டிய பிறகு வருகிறாய் என்றால் பின்விளக்கைப் போட்டுக்கொள், ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகாதே, தலையில் மாட்டு. காலையில் வெறும் வயிற்றோடு மிதிக்காதே. இனி என் தூரத்தைத் தனியாகச் சொல்கிறேன், நீ ஜெயித்ததாகவே வைத்துக்கொள். போகிற பாதையெல்லாம் உனக்கு வாகாக அமையட்டும், மாப்பிள்ளையும் நீயும் விட்டுக்கொடுத்து, சிரித்த முகமாக நிறைய வருஷம் வாழ வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உங்களோடு இருக்கிறது.

மறக்காமல் ஒன்று செய். இது உன் கையில் இருக்கிறது என்றால் உன் அப்பா பட்டப்பகலில் மெயின் ரோட்டைத் தாண்டிப் போயிருக்கிறார் என்று அர்த்தம். படித்து முடித்ததும் போன் பண்ணு. ஸ்பீக்கரில்தான் இருப்போம், அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அழாதே, எதுவும் கேட்காதே, அம்மா கடிதம் வந்துச்சு என்று அவருக்குக் கேட்கிற மாதிரி ஒரு தடவை சொல். அவர் தொண்டையைச் செருமிக்கொள்வார், அது போதும் எனக்கு.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா