பாப்பாவுக்கு ஒரே பாஷை

10.6.07 ஞாயிறு

தூறல். துணி காயல. இன்னிக்கு ஓசூர் வீட்ல இருந்தவங்க: நான், எம் மவன் சண்முகம், மருமவ கவிதா, எங்க பாப்பா பேத்தி ரம்யா, சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த எம் மவ வசந்தா. கீழ் வீட்டு ஓனரம்மா ரத்னம்மா காபி கொண்டாந்து குடுத்துட்டு வாசப்படியில நின்னாங்க. இத்தனை பேர் முன்னால சண்டை.

பாப்பாவுக்கு நாலு வயசு முடிஞ்சுது. பேச்சு இல்ல. காது நல்லா இருக்கு, பேச்சு வளர்ச்சிதான் பின்தங்கியிருக்குன்னு பெங்களூர் ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, பயிற்சி. வயசு ஏற ஏற கஷ்டமாம். ரெண்டு வாரம் சேந்தாப்ல வரலைன்னா இடம் வேற குழந்தைக்குப் போயிடும். சொல்லிக் குடுக்கறது கன்னடத்துல.

சண்முகம்: "எம் புள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. மேல தமிழு, கீழ கன்னடம், பக்கத்து வீட்ல தெலுங்கு. குழம்பிப் போச்சு. ஒரே பாஷை காதுல விழட்டும், தானா பேசும்."

கவிதா: "டாக்டர் சொல்லும்போது நீங்க எங்க போனீங்க?"

"கேன்டீன் எங்க இருக்குன்னு பாக்கப் போனேன்."

வசந்தா நடுவுல பூந்து, "விடு கவிதா. இவனே நாலு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. இப்ப நிறுத்த முடியுதா பாரு"ன்னா. சிரிப்பு.

பொய். வருசம் திரும்பறதுக்குள்ள பேசினவன் சண்முகம். மாந்தோப்புக் காவலுக்குப் போயிருந்தோம். வசந்தா இடுப்புல இருந்தான். "க்கா"ன்னான். அவதான் ஓடியாந்து சொன்னா, மஞ்சப் பாவாடை, முழங்கால்ல சிராய்ப்பு. இதையே எல்லார் முன்னாலயும் சொன்னேன்.

"அம்மாவுக்கு வயசாவுது"ன்னான் மவன்.

வயசாவுதாம்.

12.6 செவ்வாய்

வெயில். தண்ணி வரல.

சண்முகம் போட்ட ஒரே பாஷை சட்டம் அமுலுக்கு வந்தாச்சு. கதவு தாழ்ப்பாள். பாப்பா கீழ இறங்கக் கூடாது. டிவியில கன்னடம் கூடாது. ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போயிடறாங்க, காவல் நான்.

பாப்பாகிட்ட இருக்கறது இவ்வளவுதான்: பசிச்சா என் கைய அடுப்புப் பக்கம் இழுப்பா. புடிக்கலைன்னா தலையத் திருப்பிக்குவா. அப்புறம் "பா". கன்னடத்துல வான்னு அர்த்தம். அந்த ஒரு சொல்லுதான், அதுவும் ரத்னம்மாவப் பாத்தா மட்டும்.

ரத்னம்மா என்னைப் பாட்டின்னு அவங்க பாஷையில கூப்பிட்டு, படியில நின்னு, "அஜ்ஜி, நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? கொழந்தைய ஏன் அடைச்சு வெச்சீங்க?"

"எம் மவனக் கேளு தாயி."

உள்ளாற பாப்பா கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை செவந்து போச்சு. எண்ணெய் தடவினேன்.

14.6 வியாழன்

கவிதா லீவு போட்டா. சண்முகத்துக்குத் தெரியாது. மூணு பேரும் பெங்களூர். பஸ்ல கூட்டம்.

சின்னப் பொண்ணுதான் டீச்சர். தரையில உக்காந்து பந்தை உருட்டுது. "பா"ங்குது, பாப்பாவும் "பா". அப்புறம் பந்தைப் புடிச்சு வெச்சுக்கிச்சு. குடுக்கல. பாப்பா கைய இழுத்துச்சு, அழுதுச்சு. எனக்கு எந்திரிச்சுப் புடுங்கிக் குடுத்துடலாமான்னு. "இருங்க அஜ்ஜி, கேட்டாத்தான் குடுக்கணும்"னுச்சு.

"கொடு."

பாப்பா சொன்னா. அவங்க கன்னடத்துலயும் அதே சொல்லுதான், நம்ம தமிழ்லயும் அதே சொல்லுதான். கவிதா பஸ் ஏறினதும் ஜன்னல் பக்கம் திரும்பினவ, ஓசூர் வரைக்கும் திரும்பல.

"அத்தை, அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"எனக்கென்ன தலையெழுத்து."

17.6 ஞாயிறு

கத்திரிக்கா குழம்பு, அப்பளம். சண்முகம் தட்டுல இருந்த அப்பளத்துக்குக் கைய நீட்டி பாப்பா, "கொடு".

சோத்துக் கையோட தூக்கிட்டு ஆடறான். "பாத்தீங்களா, கதவச் சாத்தினேன், தமிழ் வந்துருச்சு." அவனுக்குக் கண்ணுல தண்ணி. எனக்கே பாவமா இருந்துது.

கவிதாவுக்குத் தாங்கல. பெங்களூர் போனதைச் சொல்லிட்டா.

"நீயும் போனியாம்மா?"

"போனேன். டீச்சர் பந்தைக் குடுக்காம வெச்சிருந்துச்சு, பாப்பா வாயால கேட்டா. என் கண்ணால பாத்தேன்."

"ஒரே நாள்ல பந்து உருட்டினா பேச்சு வருமா? அவ்வளவு நாள் அடைச்சு வெச்சதுல வந்ததும்மா அது." உடனே முடிவு: பாப்பா வசந்தா வீட்டுக்கு. சிங்காரப்பேட்டையில கன்னடமே காதுல விழாது.

கவிதா: "பெத்தவகிட்டருந்து பிரிக்கிறீங்க."

"நானும் லேட்டாத்தான் பேசினேன். அக்காதான் சொல்லுச்சே."

20.6 புதன்

காத்து. தலைவலி.

திங்கக்கிழமை கவிதா ஷிப்டுக்குப் போனப்புறம் சண்முகம் பாப்பாவ வசந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். படியில மறிச்சேன். என்னை நகர்த்தி வெச்சுட்டு இறங்கினான். கவிதா போய்ப் புள்ளையத் திருப்பி எடுத்துட்டு வரணும்னா, அப்படியே அவங்கம்மா வீட்டுக்குப் போயிடணுமாம், சொல்லிட்டான். சாப்பிடறதில்ல. வேலைக்கு மட்டும் போறா.

வசந்தாவுக்குப் போன்.

"சமத்தா இருக்கும்மா. சத்தமே இல்ல."

"கொடுங்கறாளா?"

"அவ எதுக்குக் கேக்கணும்? கைய நீட்டறதுக்கு முன்னால நாங்களே குடுத்துடறோம்."

"சண்முகம் முதல்ல யாரைக் கூப்பிட்டான்? சொல்லு."

"என்னைத்தாம்மா. அன்னிக்கு சண்டையில அவன் மூஞ்சி செத்துப் போயிருந்துது. ஆறுதலுக்குத்தான் நாலு வயசுன்னு சொன்னேன்."

"அதை அவன்கிட்ட சொல்லு."

"இப்பப் போய்ச் சொன்னா என்னை என்ன நினைப்பான்?" வெச்சுட்டா.

மவன்கிட்ட சொன்னேன். நம்பல.

28.6 வியாழன்

மழை. ரெண்டாவது வியாழனும் போச்சு. சாயந்திரம் ஆஸ்பத்திரியிலருந்து போன், இடத்தை வேற குழந்தைக்குக் குடுத்துட்டாங்க. கவிதா "சரிங்க, சரிங்க"ன்னு மட்டும் சொன்னா.

பாப்பா "பா"வும் சொல்றதில்லையாம்.

சண்முகம் பயந்தவன். தெரியாம செஞ்சான். என்னிக்காவது அவன் மேல இருக்கற கோவம் ஆறும். தெரிஞ்சே பொய் சொன்னவ, இன்னும் வாயத் தொறக்காதவ ஒருத்தி. செத்தாலும் மன்னிக்க மாட்டேன். எம் மூத்த மவ வசந்தா.