மூன்று நாள் டாக்டருக்கு

இன்று காலை புத்தூரிலிருந்து வந்த ஒரு தையல்காரர் நான்காக மடித்த காகிதம் ஒன்றை என் மேசைமேல் பிரித்து வைத்தார். மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. மூன்றே வரி. அந்தச் சாய்ந்த கையெழுத்து உங்களுடையது. நீங்கள் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவரோ அந்தச் சீட்டைக் காட்டியே மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறார். முகம் உருண்டு பளபளத்தது. முன்கையில் தொட்ட இடமெல்லாம் ஊதாத் திட்டு. அதை ஒரே நாளில் நிறுத்தவும் முடியாது, ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். செத்த பிறகும் உங்கள் கையெழுத்தோடு நான் பேரம் பேச வேண்டியிருக்கிறது.

சித்தூரில் உங்களை மூன்று நாள் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். எந்த மூட்டு வலியும் உங்கள் மருந்துக்கு மூன்றாம் நாள் அடங்கிவிடும். அந்தப் பெயரில் உங்களுக்குப் பெருமை. "வலி போனா டாக்டர் சாமி, போகலன்னா ஆசாமி" என்பீர்கள். உங்கள் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருந்த ஐந்து வருடத்தில் அதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. முதல் வருடம் சிரித்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

திருப்பதியில் டாக்டர்களுக்கான தொடர்கல்வி வகுப்பு நடந்தபோது உங்கள் காரில்தான் போனோம். ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள், மூட்டு வாத நோய்களைப் பற்றி மட்டும். நீங்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டீர்கள், கொடுத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டீர்கள், "வகுப்பு உனக்கு, தரிசனம் எனக்கு" என்று சொல்லி மலைக்குப் போய்விட்டீர்கள். மறுநாள் மொட்டைத் தலையோடு வந்து கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன்.

அன்று பேசிய பெண் மருத்துவர் ஒரே கையின் இரண்டு எக்ஸ்ரே படங்களைத் திரையில் போட்டார். இரண்டுக்கும் இடையே சில வருடங்கள். முதல் படத்தில் விரல்கள் நேராக இருந்தன. இரண்டாவதில் மூட்டுகள் அரித்து, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. முடக்குவாதம் தொடங்கிய சில மாதங்களுக்குள் சரியான மருந்தை ஆரம்பித்தால் மூட்டு தப்பும், ஸ்டீராய்டு அதுவரை முட்டுக் கொடுக்கும் கட்டை மட்டுமே, கட்டையையே வீடு என்று நினைக்காதீர்கள் என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டேன். எழுத எழுத எனக்குக் கன்னியம்மாவின் கைகள்தான் நினைவுக்கு வந்தன.

கன்னியம்மா மாம்பழக்கூழ் கம்பெனியில் பழம் அறுக்கிறவள். முப்பது வயதுகூட ஆகவில்லை. காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரம் கத்தியைப் பிடிக்க முடியாமல் விரல்கள் விறைத்திருக்கும். உங்கள் மாத்திரையில் மூன்றாம் நாளே வேலைக்குப் போனாள், போகிற வழியில் உங்கள் அறை வாசலைத் தொட்டுக் கும்பிட்டாள். திருப்பதியிலிருந்து திரும்பிய வாரம் அவளுக்கு ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு மெத்தோட்ரெக்ஸேட் எழுதினேன். மூட்டு அரிப்பைத் தடுக்க வாரத்தில் ஒருநாள் மட்டும் விழுங்க வேண்டிய மாத்திரை; பெரிய அளவில் அதையே புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள். பலன் தெரிய இரண்டு மாதம் ஆகும், பொறுத்துக்கொள் என்று சொன்னேன். வாரம் ஒருமுறை என்று ஆங்கிலத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அவளுக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நம் மருத்துவமனை மருந்துக் கவுண்டரில் இருந்தவர் வழக்கம்போல 'ராத்திரிக்கு ஒண்ணு' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஒன்பது நாள் தினமும் விழுங்கியிருக்கிறாள். வாய் முழுக்கப் புண்ணும் காய்ச்சலுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்த அணுக்கள் அடியோடு இறங்கியிருந்தன. உங்களைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். நீங்கள் வந்தீர்கள், வாயைத் திறந்து பார்த்தீர்கள், ஒரு நொடி யோசிக்கவில்லை. முறிவு மருந்தின் பெயரைச் சொல்லி, எத்தனை மணிக்கொரு ஊசி, எந்த ரத்தப் பரிசோதனை என்று நர்ஸிடம் வரிசையாகச் சொன்னீர்கள். அவள் பிழைத்தாள். அதை உங்களிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

ஆனால் அந்த வார்டு வாசலில் நான் கேட்டேன். மெத்தோட்ரெக்ஸேட் மூட்டைக் காப்பாற்றும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா என்று.

"தெரியாம என்னம்மா? நீ காலேஜ்ல படிச்சிக்கினு இருந்தப்பவே எனக்குத் தெரியும். இந்த ஊரு பேஷண்ட்டு மூணு நாள்தான் பொறுத்துக்குவா. நீ ரெண்டு மாசம் கேக்கற. அதுக்குள்ள எதிர் கிளினிக்கு போய்டுவா."

குரலை உயர்த்தவே இல்லை. நான் உங்களை மன்னிக்காதது இந்த இடத்தில்தான். தெரியாமல் செய்தவர் என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் நோயாளிகள் நிறைந்த அறையில் என்னைக் கூப்பிட்டு, கேன்சர் மாத்திரையை மூட்டு வலிக்குக் கொடுத்தவள் என்று அறிமுகப்படுத்தினீர்கள். கன்னியம்மாவுக்கு மறுபடி ஸ்டீராய்டு எழுதினீர்கள். எதிர்த்துப் பேச நான் வாயைத் திறந்தபோதெல்லாம் அவள் வாய்ப்புண்ணை நினைவுபடுத்தினீர்கள். என் தவறு உங்கள் கையில் கிடைத்த நல்ல ஆயுதம். அதன்பின் ஒரு வருடம் அங்கேயே பேசாமல் இருந்தேன். உங்கள் குற்றத்தில் அந்த ஒரு வருடம் என்னுடைய பங்கு.

நகரியில் தனியாகக் கிளினிக் வைத்து நான்கு வருடம் கழித்து, கன்னியம்மா அவள் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அத்தனை வருட ஸ்டீராய்டில் இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை செத்துப்போயிருந்தது. சர்க்கரையும் வந்திருந்தது. விரல்கள் திரையில் பார்த்த அந்த இரண்டாவது படம் மாதிரியே சாய்ந்திருந்தன. நான் எல்லாவற்றையும் சொன்னேன், கவுண்டரில் நடந்தது, நான் எழுதிய விதம், நீங்கள் சொன்னது. அவள் கோபப்படவில்லை.

"அந்த சார் மேல எப்டி டாக்டரம்மா கோவப்படறது? அவுரு குடுத்ததாலதானே எம்புள்ளைங்க சோறு துன்னுச்சு. நீ சொன்ன மாரி ரெண்டு மாசம் வூட்ல குந்திக்கினு இருந்தா கம்பெனில வேற ஆள வச்சிருப்பான்."

அந்த இரண்டு மாதம் அவள் வேலை செய்ய, சிறிய அளவு ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்துப் பிறகு குறைத்திருக்கலாம். கட்டை என்று அந்த மருத்துவர் சொன்னது அதைத்தான். ஆத்திரத்தில் நான் அதை ஒரேயடியாக வெட்டினேன். உங்களுக்கோ இரண்டும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

திருப்பதியில் இடுப்பு மாற்று அறுவை செய்தார்கள். இப்போது வாக்கரில் நடக்கிறாள். வாரத்துக்கு ஒரு மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை. விரல்கள் திரும்பி வரவில்லை, வராது.

உங்கள் சாவுக்கு நான் வரவில்லை. ஊரே வந்ததாம். கன்னியம்மாவும் ஆட்டோ பிடித்துப் போனாளாம்.

நான் வருடம் தவறாமல் அந்த வகுப்புகளுக்குப் போகிறேன், இரண்டு நாளும் முன்வரிசையில் இருக்கிறேன். ஆனால் எந்த வகுப்பிலும் இல்லாத ஒரு பழக்கம் என்னிடம் உண்டு. இந்த வாரம் ஒருமுறை மாத்திரையை எழுதினால், மாத்திரை அட்டையை நோயாளியின் கையில் கொடுத்து, எந்தக் கிழமை என்று அவரையே சொல்லச் சொல்வேன். மூன்று முறை சொல்ல வேண்டும். கூட வந்தவரும் சொல்ல வேண்டும். வெளியே வரிசை முணுமுணுக்கும், நான் விடமாட்டேன். இன்று தையல்காரர் "புதன், புதன், புதன்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒப்பித்துவிட்டுப் போனார்.

இது நீங்கள் கற்றுக்கொடுத்ததல்ல. கன்னியம்மாவின் வாய்ப்புண் கற்றுக்கொடுத்தது.