படம் போகிற பத்து நிமிஷம்

மச்சான்,

மாசி வெயிலில் சூடான இரும்பு வாசனை இன்றைக்கு உன் வீட்டு மொட்டை மாடியில் மூக்கில் ஏறியது. டிஷ்ஷுக்குப் பக்கத்தில் நின்றேன். டிஷ் மாட்டுகிற இந்த வேலையில் நீ இருந்தவரை நீ இல்லாமல் நான் எந்த மாடியிலும் ஏறியதில்லை. காமாலையில் நீ போய்ச் சேர்ந்த பிறகு எல்லா மாடியும் தனியாகத்தான்.

நேற்று உன் மனைவி போன் பண்ணினாள். "அண்ணா, மூணு நாளா காலையில பத்து மணி வாக்குல டிவில படம் போயிடுது. கொஞ்ச நேரத்துல தானா வருது. பக்கத்துக் கட்டடத்துல வேலை செய்யறவரு டிஷ்ஷைத் திருப்பி வெச்சுத் தரேன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

ஏன் வேண்டாம் என்றாள் என்று நான் கேட்கவில்லை. அந்த டிஷ்ஷின் போல்ட்டைக் கடைசியாக முறுக்கியது நீ.

முகப்பேரில் நாம் முதன்முதலாக மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? இதே மாசியில் படம் போனது என்று டிஷ்ஷை அப்படியும் இப்படியும் திருப்பி, சாயங்காலம் வரை சிக்னலைத் தேடினோம். மறுநாள் வேறொரு வீட்டிலும் அதே நேரத்துக்குப் போனது. நீதான் கவனித்தாய். டிஷ்ஷில் பட்ட வெயில் எதிரே நீட்டிக்கொண்டிருக்கிற, சிக்னலை வாங்குகிற எல்.என்.பி.யின் முகத்தில் குவிந்திருந்தது. சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து, அதன் இரைச்சலில் சிக்னல் அமுங்கிப்போயிருந்தது.

அந்த வீட்டம்மா, "சூரியன் நகருது, சாட்டிலைட் மட்டும் எப்படிப்பா நிக்குது?" என்றார்.

"ரெண்டுமே பாக்கற மாதிரி இல்லம்மா," என்று தலையைச் சொறிந்தாய். பிறகு, "அம்பத்தூர்ல நம்ம ரயிலும் பக்கத்து லைன் ரயிலும் ஒரே வேகத்துல போனா, பக்கத்து ரயிலு நிக்கற மாதிரி கீது இல்ல? அதான் சாட்டிலைட், பூமி கூடவே சுத்திகினு வருது. வெளிய இருக்கற கம்பம் பின்னால ஓடுற மாதிரி தெரியும். அதான் சூரியன். கம்பமா ஓடுது? நாமதானே போறோம்," என்றாய்.

அன்றிலிருந்து மாசியிலும் புரட்டாசியிலும் யார் கூப்பிட்டாலும் உனக்கு ஒரே பதில்தான். "கைய வைக்காத மாமே. தானா வரும்."

ஆனாலும் இன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. பாரிவாக்கத்தில் உன் வீட்டுக்குக் கிழக்கே காலியாக இருந்த மனையில் இப்போது தூண்கள் எழும்பிவிட்டன. தினம் அந்நேரத்தில் அங்கே ஏற்றுகிற சாரமோ கம்பியோ மறைப்பதானால் டிஷ்ஷை இடம் மாற்றித்தான் ஆகவேண்டும். நீ முறுக்கியதை நான் கழற்ற வேண்டும். கையில் ஸ்பானரோடு நின்றேன்.

வெயில் மெதுவாக எல்.என்.பி.யின் முகத்துக்கு வந்தது. கீழே டிவியில் பாட்டு நின்றது. சூரியன்தான். அப்பாடா என்றிருந்தது. வெளிச்சம் முகத்தை விட்டு நழுவும்வரை அங்கேயே நின்றேன்.

"வந்துடுச்சுண்ணா," என்று கீழிருந்து குரல் கேட்டது. ஸ்பானரைப் பைக்குள் போட்டேன்.

இறங்கினால், உன் படத்துக்குக் கீழே மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. "தூண் இன்னும் ஒசரும் இல்லண்ணா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சூரியன் விலகவில்லை, நாம்தான் தாண்டி வந்தோம் என்பாய். நீ நின்றுவிட்டாய், மச்சான். நாங்கள் உன்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறோம். இந்த ரயிலிலிருந்து இறங்க முடியவில்லை.

அந்தத் தூண் உயர்ந்து டிஷ்ஷை மறைத்ததும், நீ முறுக்கியதை நான்தான் வந்து கழற்றுவேன். வேறு யாரையும் கை வைக்க விடமாட்டேன்.